யாரோட வந்த?

உதவி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, பயிற்சி வகுப்பில் உங்களைச் சட்டப் பிரிவுகளை எண்ணோடு ஒப்பிக்க வைத்திருப்பார்கள். நல்லது, ஒப்பியுங்கள். நான் விருத்தாசலம் ஜங்ஷனில், குழந்தைகள் உதவி மையத்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள். வீட்டை விட்டு வருகிற பிள்ளைகளைப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. போன வருஷம் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது என்னைத் தேடி யாரும் வருவதில்லை. பால்காரர்கூட பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டு சத்தமில்லாமல் போய்விடுகிறார். எனக்குப் பேச நிறைய இருக்கிறது, அகப்பட்டது நீங்கள்.

எந்தப் பிள்ளையை எங்கே அனுப்புவது, யாருக்கு போன் போடுவது என்பதையெல்லாம் ஒரே மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நம் பக்கத்தில் 'ஓடிப்போயிட்டான்' என்றால் ஓர் அர்த்தம், 'ஓடிப்போயிட்டா' என்றால் முற்றிலும் வேறு அர்த்தம். பையன் ஓடிவந்தால் "ஏன்டா வந்த? அப்பன் அடிச்சானா? பரீட்சையில கோட்டை விட்டியா?" என்று கேட்பார்கள். ஒரு தடவை வேப்பூரில் லாரியை விட்டு இறங்கி எப்படியோ ஜங்ஷன் வந்து சேர்ந்த ஒரு பையனுக்கு, போர்ட்டர் ஒருவர் தன் டிபனைப் பிரித்துக் கொடுத்து, "பாவம்ப்பா, மொகமே செத்துப் போச்சு" என்று தலையைத் தடவிவிட்டார். பெண் பிள்ளை வந்தால் அதே போர்ட்டர், அதே டீக்கடைக்காரர், அதே போலீஸ், எல்லோருக்கும் வாயில் ஒரே கேள்விதான் வரும்: "யாரோட வந்த?"

நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பெரிய கொள்கை என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கே அது ஆகாது. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவள் நான். இந்த ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற ஒவ்வொரு படியிலும், "யாரோட இருப்பீங்க?" என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார்கள். நான் மட்டும்தான் என்றால் "பின்னாடி சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, அபிநயாவுக்கு வருகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். பிள்ளையின் அடையாளத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். நாளைக்கு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கதை சொல்லும்போது நீங்களும் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பதினாறு வயசுப் பெண், கையில் ஒரு துணிப்பை, பிளாட்பாரத்தில் ரயில் வந்தாலும் எழுந்திருக்காமல், போனாலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். ரயில்வே போலீஸ்காரர் என்னிடம் கூட்டிவருவதற்குள் வழியில் இருந்தவர்களெல்லாம் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்த்தி வைத்து, "சாப்டியா?" என்றேன். தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்குப் புரியவில்லை. இட்லி வாங்கி வந்து வைத்தேன். சுத்தமாகச் சாப்பிட்டாள்.

அதற்குள் நம் டவுன் ஏட்டு வந்துவிட்டார். நல்ல மனிதர். எத்தனையோ பிள்ளைகளை பைக்கில் உட்காரவைத்து என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவர். ஆனால் அவருக்கும் வாய் அதே வாய்தான்.

"யாரோடம்மா வந்த? பயப்படாம சொல்லு."

"யாரோடயும் வரலங்க."

"அது சரி. யாரோட வந்த?"

"தனியாத்தாங்க வந்தேன்."

"தனியா எப்படி வருவ? அவன் எங்க, தண்ணி வாங்கப் போனானா?"

இப்படியே போனது. நான் இரண்டு தடவை குறுக்கே விழுந்து தடுத்தேன். "மேடம், நீங்க இருங்க, இதெல்லாம் பதமா கேட்டாத்தான் வரும்" என்றார். கடைசியில் அந்தப் பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னாள்.

"செந்தில்."

ஏட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பார்த்தீங்களா மேடம், நான் சொன்னேனா இல்லையா என்கிற பார்வை.

அவர் வெளியே போனதும் அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "மேடம், வூட்ட உட்டுப் போறதுக்கு எனக்கு உரிமை இருக்குதா?"

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். பொய் சொல்லாதீர்கள். அழுகிற பிள்ளையை ஆற்றுவதற்காகக்கூடச் சொல்லாதீர்கள். அவளிடம் நான் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். பதினெட்டு முடியும் வரை தனியாக ஒரு வீடு எடுத்து இருந்துகொள்கிறேன் என்று சொல்லும் உரிமை நம் நாட்டில் பிள்ளைகளுக்குக் கிடையாது. பெற்றவர்களிடமிருந்து கோர்ட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போவதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம். ஆனால் வீட்டை விட்டு வந்தது குற்றமும் இல்லை. உன்னை லாக்கப்பில் வைக்க முடியாது. உன்னைக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் ஒரு நாளுக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவர்கள் உன் விருப்பத்தைக் கேட்டாக வேண்டும். அப்பா உனக்குப் பாதுகாவலர்தான். பாதுகாவலர் என்றால் சொந்தக்காரர் என்று அர்த்தம் இல்லை. உனக்கு எது நல்லதோ அதுதான் சட்டத்துக்கு முதலில்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு இருக்கிறது கேக்க வெக்கிற உரிமை மட்டுந்தான்" என்றாள்.

"ஆமாம்."

"இதுவரிக்கும் அதுவும் இல்ல" என்றாள்.

ஏட்டு தகவல் சொல்லி, அவள் அப்பா வந்து சேர்ந்தார். செராமிக் கம்பெனி ஒன்றில் சூளை வேலை. அன்றைக்கு லீவுதான் என்றாலும் கையிலும் புருவத்திலும் வெள்ளைக் களிமண் மாவு முழுசாகப் போயிருக்கவில்லை. குடித்துவிட்டு வரப்போகிறார், கத்தப்போகிறார் என்று நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவரோ வாசலிலேயே நின்று, மகளைப் பார்த்ததும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கையில் பரோட்டா பொட்டலம்.

"இதுக்குப் புடிக்கும்னு வாங்கியாந்தேங்க. எழுதிக் குடுக்கிறேன், கையெழுத்துப் போடுறேன், கூட்டினு போயிடுறேன். அவ அம்மா மாரி ஆயிடக்கூடாதுன்னு கண்ணுல வெச்சிப் பாத்துனு இருக்கேன்."

அவள் அம்மாவைப் பற்றி அப்போதுதான் தெரிந்தது. அபிநயா ஒன்றாவது படிக்கும்போது வீட்டை விட்டுப் போனவள் அந்த அம்மா. ஊர் சொன்னது, 'ஓடிப்போயிட்டா.' எவனோடு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவன் இருந்தான் என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. மகள் பத்தாவது முடித்ததும் அப்பா அவளை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து திறந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கறிக்குழம்பு சாப்பிட்டுக் கண் அசந்த நேரத்தில் கதவு திறந்து கிடந்தது. அவள் நடந்து வெளியே போய் பஸ் ஏறிவிட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

ஏட்டு 'செந்தில்' என்று ஒரு சொல் சொன்னார். அப்பாவின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அவர் கம்பெனியில் அச்சில் மாவு ஊற்றுகிற ஒரு பையன் பெயர் செந்தில். ஒரு தடவை பைக்கில் அவரை வீட்டில் இறக்கிவிட்டு, ஜன்னல் வழியாகத் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறான்.

"அன்னைக்கே நெனச்சேன். தண்ணி குடுத்தா பாருங்க, சொம்ப தொடச்சிக் குடுத்தா" என்றார்.

சொம்பைத் துடைத்துக் கொடுத்தது ஒரு குற்றமா என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் அதை வைத்தே ஒரு வழக்கு ஜோடித்துவிடலாம்.

இங்கேதான் பிள்ளைகளே, கவனியுங்கள். ஒரு பக்கம் அப்பா. அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, அழுகிறார். இன்னொரு பக்கம், பதினாறு வயசுப் பெண்ணைக் கடத்தினான் என்று உள்ளே போய்விடக்கூடிய ஒரு பையன். நடுவில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்ட பெண். எனக்கு மேலே ஒரு மேடம் இருந்தார். அவருக்கு ஒரே சூத்திரம்: "ஒடம்புல காயம் இருந்தா எழுது. இல்லன்னா அனுப்பிடு. அப்பன் ஊட்டுக்குத்தான போவுது?" அன்றைக்கும் போனில் அதையே சொன்னார். "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இழுத்து விட்டுக்காதீங்க."

நான் அவளை அனுப்பவில்லை. கடலூரில் குழுவின் முன்னால் நிறுத்தினேன். குழு அவளைத் தற்காலிகமாகப் பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் வைத்து, வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுங்கள் என்று என்னிடமே விட்டது. அப்பா வராந்தாவில் என் காலில் விழப் பார்த்தார். விலகிக்கொண்டேன். ஊர் என்ன பேசியது தெரியுமா? "புள்ள குட்டி இல்லாதவளுக்கு என்னா தெரியும், அடுத்தவன் புள்ளய பிரிச்சி வெக்கிறா." என் காதுபடவே பேசினார்கள். வலித்தது. வீட்டுக்குப் போய் சொல்லி அழவும் ஆள் இல்லை. டிவியைப் போட்டுவிட்டுச் சோறு சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில், தெருவில் கடைசி வீடு. அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். அவ்வளவு சுத்தமான வீடு. டிவி, மிக்சி, கட்டில், அவளுக்கென்று புதுப் போர்வை. ஜன்னல் கட்டையில் வரிசையாகச் செராமிக் பொம்மைகள். கம்பெனியில் கழித்துப் போடுகிற சரக்கு. ஒற்றைக் காது யானை, மூக்கில்லாத பெண், மூடி இல்லாத ஜாடி. தினம் ஒன்றாக மகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

"பாத்துக்கங்க மேடம். என்னா கொறை வெச்சேன்?"

அறிக்கையில் என்ன எழுதுவேன்? காயம் இல்லை. பசி இல்லை. அப்பாவுக்குப் பாசம் உண்டு. இப்படி எழுதினால் குழு அவளைத் திருப்பி அனுப்பும். எழுதாவிட்டால் நான் பொய்க்காரி. பொம்மைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் ரோட்டைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட வீட்டுக்குள் பார்க்கவில்லை.

"ஒண்ணு பண்ணுங்க" என்றேன். "நான் உள்ள இருக்கேன். தெனமும் எப்படிப் பூட்டுவீங்களோ அப்படியே பூட்டிட்டு, கடைத்தெருவுல டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் பதறிவிட்டார். "உங்களையாங்க? வேணாங்க மேடம். அது மரியாதையா இருக்காது."

"உங்க பொண்ணுக்கு மட்டும் மரியாதையா இருந்துச்சா?"

பூட்டிக்கொண்டு போனார்.

பூட்டு விழுந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தனியாக வீட்டில் இருப்பது எனக்குப் புதுசா என்ன? கட்டிலில் உட்கார்ந்தேன். எழுந்தேன். பொம்மைகளைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒண்ணுக்கு வந்தது. அப்போதுதான் உறைத்தது, கழிவறை வீட்டுக்குப் பின்னால், வெளியே இருக்கிறது. உள்ளே ஒரு மூலையில் பிளாஸ்டிக் வாளி ஒன்று மூடி போட்டு இருந்தது. எதற்கு அது தனியாக இருக்கிறது என்று வந்தபோது யோசித்திருந்தேன். வயசுக்கு வந்த பெண் ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வாளியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அப்பா வந்து கதவைத் திறந்ததும் அவர் முகத்தைப் பார்க்காமல் அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போயிருப்பாள். என் தனிமைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. நினைத்தால் திறந்துகொண்டு போய் ஒரு டீ குடிப்பேன். இவளுக்கு அது இல்லை. இரண்டும் ஒன்று என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அப்போது ரோட்டில் ஹாரன் கேட்டது. அந்த வீட்டுக்கு எதிரில்தான் வளைவு, அதற்கு அடுத்து பஸ் நிற்கிற இடம். விருத்தாசலத்துக்கும் கருவேப்பிலங்குறிச்சிக்கும் நடுவே ஓடுகிற தனியார் பஸ், பாட்டுப் பாடுகிற ஹாரனோடு வளைந்து வந்து ஜன்னலுக்கு நேரே நின்றது. யாரோ ஒரு அம்மா கூடையோடு இறங்கினாள். பஸ் பக்கவாட்டில், ஜன்னல் முழுக்க அடைத்துக்கொண்டு, சிவப்பு எழுத்தில் பெயர் எழுதியிருந்தது.

செந்தில்.

பொம்மைகளெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடிப் பாவி மகளே என்று வாய்விட்டே சொன்னேன். சிரிப்பு பாதியில் நின்றுபோய் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏட்டுக்கு போன் போட்டேன்.

"ஏட்டையா, செந்தில் கெடச்சுட்டான்."

"எங்க மேடம்? ஆளு தனியாவா இருக்கான்?"

"தனியால்லாம் இல்ல. அம்பது பேரை ஏத்திக்கிட்டு இப்பத்தான் எதிர்ல போறான். கண்டக்டர்கூட விசில் ஊதினார்."

"அய்யய்யோ, அந்த கம்பெனிப் பையன காலையிலேருந்து பெஞ்சில ஒக்கார வெச்சிருக்கோம் மேடம்" என்றார்.

"டீ வாங்கிக் குடுத்து, வூட்டுக்கு அனுப்புங்க."

"புள்ளகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"நான் கேக்குறேன். நீங்க கேட்டா இன்னொரு பஸ் பேரைச் சொல்லும்."

அப்பா வந்து பூட்டைத் திறந்தார். நான் முதலில் பின்பக்கம் போய் வந்தேன். திரும்பி வந்து, அந்த வாளியைக் கையில் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு இது தோணவே இல்லங்க" என்றார். நிஜமாகவே தோன்றியிருக்கவில்லை. அன்பாகப் பூட்டுகிறவர்களுக்கு இது தோன்றாது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் இல்லத்துக்குப் போய் அபிநயாவிடம் கேட்டேன். "எந்த செந்தில்?"

"பஸ்ஸுதான் மேடம்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"யாரோட வந்த, யாரோட வந்தன்னு கேட்டுனே இருந்தாங்க. யாரும் இல்லன்னா உட மாட்டேன்றாங்க. அதுலதான வந்தேன், அதான் சொன்னேன்." பிறகு பயந்துபோய்க் கேட்டாள். "அந்த அண்ணன் பேரு செந்திலுன்னு எனக்குத் தெரியாது மேடம். அடிச்சுட்டாங்களா?"

"இல்ல. டீ குடிச்சிட்டுப் போயிட்டான்."

குழுவின் இரண்டாவது அமர்வு. தலைவராக இருந்த அம்மா நிதானமானவர். என் அறிக்கையைப் படித்துவிட்டு அப்பாவைப் பேசச் சொன்னார். அவர் எழுந்து நின்று மகள் பக்கம் திரும்பினார். "நான் ஒன்ன அடிச்சனா? சொல்லு."

"அடிக்கலப்பா."

"சோறு போடலயா?"

"போட்டீங்க."

அவர் எங்களைப் பார்த்து, "வாளி விஷயம் தப்புதாங்க. கக்கூஸ உள்ளயே கட்டிர்றேன். ஆனா பூட்டாம முடியாதுங்க. இவ அம்மா, கதவு தொறந்து கெடந்ததாலதான் எவனோடயோ ஓடிப்போனா. மறுபடியும் அது என்னால ஆவாது" என்றார்.

அபிநயா எழுந்துவிட்டாள். அவள் குரலை அவ்வளவு சத்தமாக நான் அதுவரை கேட்டதில்லை.

"எங்கம்மா எவனோடயும் போவல! தனியாத்தான் போச்சு. எனக்கு அன்னிக்கு ஜொரம், ஸ்கூலுக்குப் போவல. கஞ்சி ஊட்டிட்டு, ஒயர் கூடைய எடுத்துனு, போயிட்டு வரேன் பாப்பான்னு சொல்லிட்டுப் போச்சு. நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன். தனியா நின்னுச்சு. செந்தில் வந்துச்சு, ஏறுச்சு. ஏறி, ஒக்காரக்கூட இல்ல, நின்னுட்டே போச்சு. கூட யாருமே இல்ல. யாரும் என்னக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ஒன்றாவது படிக்கிற பிள்ளையிடம் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஊர் முழுக்க 'எவன், எவன்' என்று தேடிக்கொண்டிருந்தபோது, பார்த்த ஒரே சாட்சி காய்ச்சலோடு ஜன்னலில் நின்றிருக்கிறது. போயிட்டு வரேன் என்று சொன்னவள் வருவாள் என்று, அந்த பஸ் நிற்கிற போதெல்லாம் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே அது வளர்ந்திருக்கிறது.

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். "தனியாவா போனா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"ஆமாம்ப்பா."

"எவனோடயோ போயிட்டான்னு நெனச்சி, அவனத் திட்டியே இத்தன வருஷத்த ஓட்டிட்டேங்க" என்றார் தலைவரிடம். "தனியாத்தான் போனான்னா... என்ன உட்டுத்தான போயிருக்கா."

என் வேலையில் எத்தனையோ அழுகைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் அன்றைக்கு அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தலைவர் அபிநயாவிடம் கேட்டார், "ஒனக்கு என்னம்மா வேணும்?" அவள், "படிக்கணும். கதவு தொறந்திருக்கிற எடத்துல இருக்கணும். அப்பா வந்து பாக்கணும்" என்றாள். மூன்றும் கிடைத்தன. பதினெட்டு வரை இல்லத்தில் இருந்து பிளஸ் டூ முடிப்பது, அப்பா வந்து பார்க்கலாம் என்று உத்தரவு. சில பிள்ளைகள் கேட்டது எதுவுமே கிடைக்காமல் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதை வைத்துக் குழுவுக்குக் கோயில் கட்டிவிடாதீர்கள்.

அப்பா மாதம் தவறாமல் போனார். ஒவ்வொரு தடவையும் ஒரு உடைந்த பொம்மை. இல்லத்து வார்டன் என்னிடம், "மேடம், எங்க ஜன்னல்ல எடமே இல்ல" என்று அலுத்துக்கொண்டார். அப்பாவும் மகளும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்களாம். பரோட்டாவைப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, அவர் கிளம்பிவிடுவாராம்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. எனக்கும் பணி முடிந்தது. விருத்தாசலத்திலேயே பெண்கள் விடுதி ஒன்றில் தங்கிக்கொண்டு லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். இனி எந்தக் குழுவும் அவளை எங்கேயும் அனுப்ப முடியாது. எந்த அப்பாவும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போக முடியாது. எனக்கு அவளிடமிருந்து போன் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் நம்மை மறந்துவிடுவதுதான் நல்லது. நம்மை ஞாபகம் வைத்திருந்தால் அந்த நாளையும் சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். உங்களையும் மறப்பார்கள், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு மதியம் போன் வந்தது. நான் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், அபி பேசுறேன். எங்க வூட்டுக்கு வந்திருக்கேன்."

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல மேடம். அப்பாவ பாக்கலாம்னு வந்தேன். சொல்லாம வந்துட்டேன். அப்பா வேலைக்குப் போயிருக்குது போல. வூடு பூட்டியிருக்குது. அதே பூட்டுதான் மேடம். மொதத் தடவையா வெளிய நின்னு பாக்குறேன்."

"எப்படி இருக்குது?" என்றேன்.

"சின்னப் பூட்டு மேடம்" என்றாள். "உள்ள இருந்தப்ப அது பெருசுன்னு நெனச்சினு இருந்தேன்."

"இப்ப என்ன பண்ணப் போற?"

"வாசப்படியில ஒக்காந்திருக்கேன். அப்பா வர்ற வரிக்கும் இருந்து பாத்துட்டு வந்துடுறேன்."

நேரமாகிவிடுமே, தனியாக எப்படித் திரும்புவாள் என்று எனக்குக் கவலை வந்தது. இத்தனை வருஷம் யாரிடமும் கேட்காத கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"கேளுங்க மேடம்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "யாரோட வருவன்னு கேளுங்க."

"சரி. யாரோட வருவ?"

"செந்திலோட!"

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பாட்டு ஹாரன் போனிலேயே கேட்டது. "இந்த ட்ரிப்பு இல்ல, அப்பாவ பாத்துட்டு அடுத்ததுல. போயிட்டு வரேன் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். நல்ல சிரிப்பு அது. பக்கத்தில் ஒரு ஆளைப் பிடித்து முழுக் கதையையும் சொல்லி அவரையும் சிரிக்க வைக்க வேண்டும் போல இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொன்னேன்.